வகுப்பில் எல்லோருக்கும் லேப்டாப்: வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

சென்ற மாதம் ஊரிலிருந்து ஒரு போன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்த நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் பேசினார். "தம்பி, நம்ம பழைய பசங்க எல்லாம் சேர்ந்து ஏழரை லட்சம் சேர்த்திருக்காங்கப்பா. எட்டாம் வகுப்புல முப்பது பிள்ளைங்க. ஆளுக்கு ஒரு லேப்டாப் வாங்கிடலாம்னு இருக்கோம். நீதான் சாஃப்ட்வேர்ல இருக்கியே, எந்த லேப்டாப் நல்லதுன்னு ஒரு லிஸ்ட் அனுப்பு" என்றார்.

ஒரு லேப்டாப் 25 ஆயிரம் ரூபாய் என்றால் 30 லேப்டாப்புக்கு சரியாக ஏழரை லட்சம். கணக்கு அழகாகப் பொருந்திவிட்டது. அப்படிப் பொருந்தியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். உங்கள் வீட்டில் இப்போதுதான் முதல் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது என்றால் உங்களுக்கும் இதில் பயன்படும் விஷயங்கள் உண்டு. 30 லேப்டாப்புக்குச் சொல்வது ஒரு லேப்டாப்புக்கும் பொருந்தும்.

முதலில் என் சொந்தக் கதை

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்தவர்களுக்கு லேப்டாப் கிடைத்தது. பிளஸ் டூ படித்தபோது எனக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அப்பா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் திறக்கவிட்டார்.

அதை வைத்து நான் முதல் மூன்று மாதம் என்ன செய்தேன்? பென் டிரைவில் படம் காப்பி செய்து பார்த்தேன். மெத்தை மேல் வைத்து இரவு முழுவதும் சார்ஜில் போட்டேன். இரண்டு ஆண்டுகளில் பேட்டரி போய்விட்டது. பிளக்கைப் பிடுங்கினால் லேப்டாப் அணைந்துவிடும். தவறு என்னுடையது, யாரிடமாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பிறகு ஒரு நண்பனின் அண்ணன் அதிலேயே சி மொழியில் ஐந்து வரி எழுதிக் காட்டினார். அந்த மாலைதான் என்னை இன்ஜினியரிங் பக்கம் திருப்பியது. அதே மெஷின்தான். அருகில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிக் கொடுத்ததுதான் வித்தியாசம்.

இந்த வித்தியாசத்தை ஒரு நாடே பரிசோதித்துப் பார்த்திருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு நாடுகள்.

உருகுவேயில் ஒரு பால் பண்ணைக் கிராமம்

தென் அமெரிக்காவில் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடுவில் உள்ள சிறிய நாடு உருகுவே. மக்கள் தொகை சுமார் 35 லட்சம். 1930ல் முதல் உலகக் கோப்பை கால்பந்துப் போட்டி நடந்தது இங்கேதான். அந்நாட்டில் வில்லா கார்டால் என்று ஒரு கிராமம். சுற்றிலும் பால் மாட்டுப் பண்ணைகள். 2007ஆம் ஆண்டு மே 10 அன்று அந்தக் கிராமப் பள்ளியின் மாணவர்கள் அனைவருக்கும் ஆளுக்கொரு லேப்டாப் வழங்கப்பட்டது. அப்போதைய அதிபர் தபாரே வாஸ்கேஸ் நேரில் வந்திருந்தார்.

இந்தத் திட்டத்துக்கு 'செய்பால்' என்று பெயர். செய்போ என்பது உருகுவேயின் தேசிய மலர். நம் ஊர் கல்யாண முருங்கை இனத்தைச் சேர்ந்த மரத்தின் சிவப்புப் பூ அது. வில்லா கார்டாலில் தொடங்கிய திட்டம் ஒவ்வொரு மாவட்டமாகப் பரவி, 2009 அக்டோபரில் நாட்டின் அரசு தொடக்கப் பள்ளிகள் முழுவதையும் எட்டியது.  லேப்டாப் பள்ளியின் பீரோவில் இருக்கவில்லை. பிள்ளைகள் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள்.

அந்த லேப்டாப்பில் என்ன இருந்தது?

வழங்கப்பட்ட லேப்டாப்பின் பெயர் எக்ஸ்ஓ. 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' என்ற அமைப்பு உருவாக்கியது. எம்.ஐ.டி. பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005ல் இதை அறிவித்தபோது 100 டாலரில் தருவதாகச் சொன்னார். 2007ல் தயாராகி வந்தபோது விலை ஏறக்குறைய 200 டாலரைத் தொட்டுவிட்டது. இன்றைய கண்ணுக்கு அது பொம்மை போலத் தெரியும். 433 மெகா ஹெர்ட்ஸ் ப்ராசசர், 256 எம்.பி. ராம், 1 ஜி.பி. ப்ளாஷ் மெமரி. அவ்வளவுதான். ஆனால் கிராமப் பள்ளிக்கு என்ன தேவை என்று யோசித்துச் செய்திருந்தார்கள். நாம் லேப்டாப் வாங்கும்போது கவனிக்க வேண்டியவையும் அதில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

1. திரை: மேரி லூ ஜெப்சன் என்ற பெண் இன்ஜினியர் வடிவமைத்தது. வெயிலில் கொண்டு போனால் நம் லேப்டாப் திரை மங்கிவிடும் அல்லவா? எக்ஸ்ஓவின் திரை வெயில் ஒளியையே பிரதிபலித்துக் கறுப்பு வெள்ளையில் தெளிவாகத் தெரியும். மரத்தடி வகுப்பிலும் படிக்கலாம்.

2. அசையும் பாகம் இல்லை: ஹார்ட் டிஸ்க்கும் கிடையாது, ஃபேனும் கிடையாது. சுழலும் பாகம் இல்லாததால் கீழே விழுந்தாலும் தூசி பட்டாலும் சீக்கிரம் கெடாது. கீபோர்டு முழுவதும் ஒரே ரப்பர் விரிப்பு. தண்ணீர் உள்ளே போகாது.

3. குறைந்த மின்சாரம்: சார்ஜ் செய்ய 20 வாட்டுக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். கார் பேட்டரியிலிருந்தும் சோலார் பேனலிலிருந்தும்கூட சார்ஜ் ஏற்றலாம்.

4. மெஷ் நெட்வொர்க்: இது என்ன என்று கேட்கிறீர்களா? சாதாரண வைஃபையில் எல்லா லேப்டாப்பும் ஒரே ரவுட்டரைத்தான் பார்க்கும். ரவுட்டர் எட்டாத தூரத்தில் இருந்தால் தொடர்பு கிடையாது. மெஷ் முறையில் ஒவ்வொரு லேப்டாப்பும் பக்கத்து லேப்டாப்புக்குத் தகவலைக் கடத்திவிடும். பந்தியில் சாம்பார் வாளியைக் கைமாற்றிக் கடைசி இலைக்குக் கொண்டு போவது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரே படத்தை வரையலாம், ஒரே கதையைச் சேர்ந்து எழுதலாம்.

ஆளுக்கு ஒன்று இருந்தால்தான் நடக்கும் பாடம்

கம்ப்யூட்டர் லேபில் வாரம் ஒரு மணி நேரம் போதாதா, ஆளுக்கு ஒன்று எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஓர் உதாரணம் பாருங்கள். எக்ஸ்ஓவில் தூரம் அளக்கும் ஒரு ப்ரோக்ராம் இருந்தது. இரண்டு பிள்ளைகள் இரண்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மைதானத்தில் தள்ளி நிற்பார்கள். ஒரு லேப்டாப் எழுப்பும் ஒலியை மற்றது மைக் மூலம் கேட்கும். ஒலி காற்றில் ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். ஒலி வந்து சேர நூறில் ஒரு பங்கு வினாடி ஆனது என்றால் தூரம் 3.4 மீட்டர். பிறகு டேப் வைத்து அளந்து சரிபார்க்கலாம். அறிவியல், கணக்கு, அளவை மூன்றும் ஒரே ஆட்டத்தில் வந்துவிடுகிறது. மேஜையில் கட்டிப் போட்ட கம்ப்யூட்டரில் இது நடக்காது.

குழந்தை கம்ப்யூட்டரிடமிருந்து கற்பதைவிட, கம்ப்யூட்டரைக் கொண்டு ஏதாவது ஒன்றைச் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்பது சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞரின் கருத்து. லோகோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். எக்ஸ்ஓவின் அடிப்படை இந்தக் கருத்துதான்.

சரி, மார்க் ஏறியதா?

இங்கேதான் நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி வருகிறது. இதற்கு நேர்மையான பதிலைத் தந்தது இன்னொரு நாடு, பெரு. அங்கும் கிராமப் பள்ளிகளுக்கு இதே எக்ஸ்ஓ லேப்டாப்கள் லட்சக்கணக்கில் போயின. ஒவ்வொன்றிலும் பாடங்களுக்கான ப்ரோக்ராம்கள் இருந்தன. 200 மின்நூல்கள் தரப்பட்டன. ஆசிரியர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி என்று திட்டம்.

அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கி 319 கிராமப் பள்ளிகளில் ஆய்வு செய்து 2012ல் முடிவை வெளியிட்டது. லேப்டாப் பெற்ற பள்ளிக்கும் பெறாத பள்ளிக்கும் கணக்கிலும் மொழிப் பாடத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. யோசிக்கும் திறனுக்கான சில பொதுத் தேர்வுகளில் மட்டும் லேப்டாப் பெற்றவர்கள் சுமார் ஐந்து மாத வளர்ச்சி அளவுக்கு முன்னால் இருந்தார்கள். பெரும்பாலான பள்ளிகளில் இன்டர்நெட் இல்லை. லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துச் சென்ற பிள்ளைகள் பாதிக்கும் குறைவு.

உருகுவே மட்டும் என்ன? 2014ல் வெளியான ஓர் ஆய்வு, அங்கும் முதல் ஆண்டுகளில் கணக்கு, வாசிப்பு மார்க்கில் மாற்றம் இல்லை என்றே சொன்னது. ஆக, லேப்டாப் கொடுத்தால் தானாக மார்க் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உருகுவே அடுத்து செய்தது என்ன?

முடிவு இப்படி வந்த பிறகும் உருகுவே லேப்டாப்களை மூட்டை கட்டவில்லை. கிராமப் பள்ளியில் இல்லாதது எது என்று பார்த்தார்கள். ஆங்கில ஆசிரியர் இல்லை. எனவே 2012ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். வாரம் ஒரு முறை, எங்கோ இருக்கும் ஆங்கில ஆசிரியர் வீடியோ மூலம் வகுப்பின் திரையில் வருவார். மீதி வகுப்புகளை அந்தப் பள்ளியின் சொந்த ஆசிரியரே நடத்துவார். அவருக்கு ஆங்கிலம் அதிகம் தெரிய வேண்டும் என்பதில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் கற்றுக்கொள்வார். பயிற்சிகள் லேப்டாப்பில் இருக்கும். இந்த முறை நாடு முழுவதும் பரவியது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடியபோது, பிள்ளைகள் கையில் ஏற்கனவே கம்ப்யூட்டர் இருந்தது. பாடங்களுக்கான இணையதளமும் பழகிய ஆசிரியர்களும் தயாராக இருந்தார்கள். நம் ஊரில் ஒரே செல்போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுப் படித்தது நினைவிருக்கும். 13 ஆண்டுகளுக்கு முன் போட்ட விதை அவர்களுக்கு அன்று உதவியது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். எந்த லேப்டாப் என்பது கடைசிக் கேள்வி. அதை வைத்து வகுப்பில் யார், என்ன செய்யப் போகிறார்கள் என்பதே முதல் கேள்வி. தலைமை ஆசிரியருக்கு நான் அனுப்பிய லிஸ்ட்டும் அந்த வரிசையில்தான் இருந்தது. அதை அப்படியே தருகிறேன்.

1. ஆசிரியருக்கு முதல் லேப்டாப்

பிள்ளைகளுக்கு வாங்குவதற்கு ஒரு பருவம் முன்பே ஆசிரியர்களுக்கு இரண்டு லேப்டாப் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். எந்தப் பாடத்தில், எந்த வாரம், எதற்காகத் திறக்கப் போகிறோம் என்று அவர்களே பத்து வகுப்புகளை எழுதி வைக்கட்டும். அந்தப் பத்து வகுப்பு தயாரானால்தான் மீதி லேப்டாப்.

2. மின்சாரக் கணக்கு

சாதாரண லேப்டாப்பின் சார்ஜர் 65 வாட். முப்பது லேப்டாப் ஒரே நேரத்தில் சார்ஜ் ஆனால் 65 x 30 = 1950 வாட். இதை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 8.5 ஆம்பியர். வகுப்பறையில் உள்ள சாதாரண பிளக் 6 ஆம்பியருக்கானது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி முப்பதையும் மாட்டினால் ஒயர் சூடாகி உருகும். இதைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்துடன் தனி லைன் இழுக்க வேண்டும். அதுவரை 15, 15 ஆகப் பிரித்து இரண்டு முறை சார்ஜ் செய்யலாம். அப்போது 975 வாட், சுமார் 4.2 ஆம்பியர்தான்.

3. பேட்டரி

இப்போதைய லேப்டாப்களில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. அதற்கு வெப்பம் எதிரி. மெத்தை, தலையணை மேல் வைத்து சார்ஜ் செய்யக் கூடாது. கோடை விடுமுறையில் பீரோவில் பூட்டி வைப்பதாக இருந்தால் சார்ஜ் பாதி, அதாவது 50 சதவீதம் இருக்கும்போது ஷட் டவுன் செய்து வைக்கவும். முழுதாகத் தீர்ந்த நிலையில் இரண்டு மாதம் வைத்தால் பேட்டரி திரும்ப எழுந்திருக்காமலே போகலாம். என் முதல் லேப்டாப்பை நான் கொன்ற கதையை முன்பே சொல்லிவிட்டேன்.

4. இன்டர்நெட் இல்லாமலே ஒரு நூலகம்

முப்பது லேப்டாப்பும் ஆளுக்கு 1 ஜி.பி. அப்டேட் டவுன்லோடு செய்தால் 30 ஜி.பி. கிராமத்து இணைப்பு தாங்காது. அதனால் ஒரு பழைய டெஸ்க்டாப்பைப் பள்ளி சர்வராக வைத்துக் கொள்ளலாம். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு தமிழ் விக்கிப்பீடியாவை முழுவதுமாக அதில் இறக்கி வைத்துவிட்டால், வைஃபை மூலம் எல்லா லேப்டாப்பிலும் இன்டர்நெட் இல்லாமலே படிக்கலாம். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் கிவிக்ஸை நேரடியாக இன்ஸ்டால் செய்து பயன்படுத்தலாம். ஒரு விஷயம்: வீட்டில் பயன்படுத்தும் சாதாரண ரவுட்டர் ஒரே நேரத்தில் முப்பது லேப்டாப்பைச் சமாளிக்கத் திணறும். பள்ளிக்கென்றால் அதிகப் பேரைத் தாங்கும் மாடலாகக் கேட்டு வாங்குங்கள்.

5. சாஃப்ட்வேர்

பல கம்பெனிகள் பழைய லேப்டாப்களைப் பள்ளிகளுக்குத் தருகின்றன. அவற்றில் பெரும்பாலும் விண்டோஸ் 10 இருக்கும். அதற்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத மெஷின் என்றால் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் போட்டுக் கொள்ளுங்கள். இரண்டும் இலவசம். லிப்ரே ஆபீஸ், ஸ்க்ராட்ச், வரைவதற்கு டக்ஸ் பெயின்ட் இவை போதும். பைத்தான் மொழியில் டர்ட்டில் என்ற பகுதி உண்டு. பேப்பர்ட் சொன்ன ஆமையை வைத்துக் கோலம் போடப் பழகலாம். தமிழில் டைப் செய்ய தமிழ் 99 கீபோர்டைச் சேர்த்துக் கொடுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது உள்ளேயே இருக்கிறது.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் பிள்ளைகளுக்குத் தனி யூசர் அக்கவுன்ட் உருவாக்கவும். ஸ்டார்ட் கிளிக் செய்து செட்டிங்ஸ் செல்லவும். அதில் அக்கவுன்ட்ஸ், பிறகு அதர் யூசர்ஸ் தேர்ந்தெடுக்கவும். புதிய அக்கவுன்ட் ஸ்டாண்டர்டு யூசராக இருக்கட்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு பெரியவர்களிடம் இருக்கட்டும். தேவையில்லாத ப்ரோக்ராம்கள் தானாக உள்ளே நுழைவதை இது பெருமளவு தடுக்கும்.

6. பழுது பார்க்கத் தனிப் பணம்

மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது ஒன்றரை லட்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒயரிங், ரவுட்டர், மாற்று சார்ஜர், பேட்டரி எல்லாம் இதில்தான். ஒரு சார்ஜர் போனால் அந்த லேப்டாப் பீரோவுக்குப் போய்விடும். பீரோவுக்குப் போன லேப்டாப் பெரும்பாலும் திரும்பி வராது. பக்கத்து ஊரில் பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவரை முதலிலேயே பேசி வைத்துக் கொள்ளுங்கள்.

ஆறு பிள்ளைகள்

லிஸ்ட்டைப் படித்துவிட்டு சார் மறுபடி போன் செய்தார். "எல்லாம் சரிதான்பா. ஒன்றரை லட்சத்தை எடுத்து வச்சா மீதி ஆறு லட்சத்துல இருபத்து நாலுதான் வரும். ஆறு பிள்ளைங்ககிட்ட உனக்கு இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது?"

பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. இரண்டு பேருக்கு ஒன்று என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போவது நடக்காது. கடைசியில், கம்பெனிகள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு சரிசெய்து விற்கப்படும் லேப்டாப்களை விசாரித்தேன். வாரண்டியுடன் 20 ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. 30 x 20 ஆயிரம் = ஆறு லட்சம். ஆசிரியர்களுக்கான இரண்டை நானும் என் நண்பனும் தருவதாகச் சொல்லிவிட்டோம். பழைய மெஷின் என்பதால் சீக்கிரம் பேட்டரி மாற்ற வேண்டி வரலாம். அதற்குத்தான் ஒன்றரை லட்சத்தில் இடம் வைத்திருக்கிறோம். புதிது இல்லையே என்று ஊரில் சிலருக்கு வருத்தம். எனக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் முப்பது பேரும் ஒரே நாளில் திறப்பார்கள்.

அறிவியல் ஆசிரியர் பத்து வகுப்புகளில் நான்கை எழுதி முடித்துவிட்டதாகக் கேள்வி. முதல் வகுப்பு, மைதானத்தில் ஒலியை வைத்துத் தூரம் அளப்பது. அந்த ப்ரோக்ராமைப் பைத்தானில் எழுதித் தருவதாக நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு இன்று ஒரு லேப்டாப் வந்திருந்தால் இதையே செய்து பாருங்கள். பிள்ளை அதில் இந்த வாரம் எதைச் செய்து முடிக்கப் போகிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி மேஜை மேல் ஒட்டுங்கள். தினமும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று தயங்க வேண்டாம். உருகுவே ஆசிரியர்கள் தங்களுக்குத் தெரியாத ஆங்கிலத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் கற்றார்கள். நீங்களும் சேர்ந்து கற்றுக் கொள்ளலாம்.